தோல்வி யாருடைய கணக்கில்: பால்டிமோர் கவுன்டியின் மேரிலாந்துப் பல்கலைக்கழகம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஒரு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் வேதியியலிலும் கணிதத்திலும் தொடர்ந்து பின்தங்கினால், அந்தத் தோல்வியை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்விக்கு, 1980களின் இறுதிவரை அமெரிக்க உயர்கல்வியில் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது: மாணவர் பெயரில். படித்த பள்ளி சரியில்லை, வீட்டில் கல்லூரி கண்டவர் இல்லை, உழைப்பு போதவில்லை என்று காரணங்கள் மாறின. கணக்கு மட்டும் மாறவில்லை. அந்தக் கணக்கை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதத் துணிந்த ஒரு பல்கலைக்கழகத்தின் முப்பத்தைந்து ஆண்டுகால அனுபவத்தை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் எங்கே பலித்தது என்பதோடு, அதே தலைமையின் கீழ் எங்கே அது எட்டாமலேயே போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்விலிருந்து ஏதேனும் கற்க முடியும்.

யூ.எம்.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அரசுப் பல்கலைக்கழகம், 1966ஆம் ஆண்டு பால்டிமோர் நகர எல்லைக்குச் சற்று வெளியே, ஸ்பிரிங் குரோவ் அரசு மனநல மருத்துவமனைக்கு உரியதாயிருந்த நிலத்தில் தொடங்கப்பட்டது. மேரிலாந்தின் பழைய பொதுப் பல்கலைக்கழகங்கள் நிறப்பிரிவினையைச் சட்டமாகக் கொண்டிருந்த காலத்தில் உருவானவை. இது முதல் நாளிலிருந்தே எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்தது. ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, உள்ளே வந்தவர் பட்டத்தோடு வெளியேறுவது வேறு. 1987இல் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி இங்கே நிர்வாகப் பொறுப்புக்கு வந்தபோது, கறுப்பின மாணவர்கள் வளாகத்தில் நிலவிய இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தனர். அறிவியல் துறைகளில் அவர்களுடைய மதிப்பெண்களோ கவலைக்கிடமாக இருந்தன. இந்த இரண்டையும் வெவ்வேறு சிக்கல்களாகக் கருதி, முதலாவதை மாணவர் நல அலுவலகத்துக்கும் இரண்டாவதைத் துறைத் தலைவர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவது எளிது. இரண்டும் ஒன்றே என்று கண்டதுதான் இந்தத் தலைமையின் முதல் முடிவு.

ஹ்ரபௌஸ்கியின் வாழ்க்கை வரலாறு மிகுதியும் சொல்லப்பட்ட ஒன்று. 1950இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1963இல் பன்னிரண்டு வயதில், மார்ட்டின் லூதர் கிங் அழைப்பு விடுத்த சிறுவர் ஊர்வலத்தில் நடந்து சிறை சென்றவர். கணிதம் படித்து, இருபத்து நான்கு வயதில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1992இல் தலைமைப் பொறுப்பேற்று 2022 வரை அதில் நீடித்தவர். இத்தகைய வரலாறு ஆய்வாளருக்கு ஓர் இடர்ப்பாடும் ஆகும். நடந்த நல்லது அனைத்தையும் ஒரு மனிதரின் ஆளுமைக்கு வரவு வைத்துவிட்டால், வேறிடத்தில் அதைச் செய்ய விரும்புவோருக்கு எஞ்சுவது வியப்பு மட்டுமே. ஆகவே ஆளை விட்டு, அமைக்கப்பட்ட ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

மேயர்ஹாஃப் திட்டம்

பால்டிமோரைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலதிபர் ராபர்ட் மேயர்ஹாஃபும் அவர் மனைவி ஜேனும் கறுப்பின இளைஞர்களின் கல்விக்கு உதவ விரும்பினர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அந்த இளைஞர்களைக் குற்றத்தோடு சேர்த்தே காட்டிவந்தது அவர்களை உறுத்தியது. 1988இல் அவர்கள் நிதியளிக்க, 1989இல் 19 கறுப்பின ஆண் மாணவர்களுடன் முதல் குழு தொடங்கியது. அடுத்த ஆண்டே பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

பின்தங்கியோருக்கான திட்டம் என்றவுடன் நினைவுக்கு வருவது மீட்பு வகுப்புகளே: விட்டதைப் பிடிப்பதற்கான கூடுதல் பயிற்சி, குறைந்த எதிர்பார்ப்பு, கடந்தால் போதும் என்ற அளவுகோல். மேயர்ஹாஃப் திட்டம் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கியது. பள்ளியில் கணிதத்திலும் அறிவியலிலும் சிறந்து விளங்கியவர்களைத் தேர்ந்தெடுத்து, பட்டம் பெறுவதல்ல, ஆய்வு முனைவராவதே இலக்கு என்று சேர்க்கையின்போதே அவர்களிடம் சொல்லப்பட்டது. நன்றாகப் படித்து வந்த கறுப்பின மாணவர்களும் முதலாண்டிலேயே அறிவியலைக் கைவிட்டதுதான் அக்காலத்தின் புதிர். எனவே தயாரிப்பின்மை மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்ற கணிப்பின்மேல் இந்தத் திட்டம் நின்றது.

இந்தக் கணிப்புக்கு முன்னரே ஒரு துணை கிடைத்திருந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970களில் நுண்கணித வகுப்பு மாணவர்களைக் கவனித்தபோது, கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளாக இல்லை, தனித்தனியே கடுமையாகவே படிக்கிறார்கள் என்பதைக் கண்டார். சீன அமெரிக்க மாணவர்களோ கூடிப் படித்து, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, வீட்டுப்பாடத்தில் எங்கே சிக்கினோம் என்பதைத் தேர்வுக்கு முன்பே அறிந்துகொண்டனர். யாரிடமும் உதவி கேட்காமல் தானே முடிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட மாணவருக்கு, பள்ளியில் அவரை உயர்த்திய அதே பழக்கம் பல்கலைக்கழகத்தில் காலை வாருகிறது.

ஆகவே மேயர்ஹாஃப் மாணவரின் முதல் கோடைக்காலமே அந்தப் பழக்கத்தை உடைப்பதற்கென்று வகுக்கப்பட்டது. கல்லூரி திறப்பதற்கு முன் ஆறு வாரங்கள் அவர்கள் வளாகத்திலேயே தங்கி, கணிதமும் அறிவியலும் கலைப் பாடங்களும் படிக்கிறார்கள். எங்கும் குழுவாகவே செல்கிறார்கள். கைபேசி உள்ளிட்ட கவனச் சிதறல்களுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஒருவர் வகுப்புக்குப் பிந்தினால் அது அவர் ஒருவருடைய தவறாக விடப்படுவதில்லை, குழு முழுவதும் அதற்குப் பதில் சொல்கிறது. பருவம் தொடங்கியபின் விதிகள் இன்னும் துல்லியமாகின்றன. பள்ளியிலேயே கல்லூரி நிலைத் தேர்வெழுதி முதலாண்டுப் பாடங்களிலிருந்து விலக்குப் பெற்றவர்கூட, அந்தப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் எடுக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார். அடிப்படை அறிவியல் பாடத்தில் ‘சி’ வாங்கியவரிடம், தேர்ச்சிதானே என்று அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம், இதையே திரும்ப எடுங்கள் என்கிறார்கள். இந்த ஒரு விதி எனக்கு முழுத் திட்டத்தைவிடவும் முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் ‘சி’ கிரேடு என்பது பல்கலைக்கழகம் வழங்கும் ஒரு கண்ணியமான கைவிடல். பதிவேட்டில் மாணவர் தேறியிருப்பார், கரிம வேதியியல் வகுப்பில் இரண்டே மாதத்தில் காணாமற் போயிருப்பார், எந்த அலுவலகத்துக்கும் அது தோல்வியாகத் தெரியாது.

இதற்கு இணையாக, மாணவர்கள் தொடக்கத்திலிருந்தே ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டனர். எச்.ஐ.வி. வைரஸின் மூலக்கூறு அமைப்பை ஆராயும் மைக்கேல் சம்மர்ஸ் போன்றோரின் ஆய்வகங்களில் இளநிலை மாணவர்கள் பார்வையாளர்களாக அல்லாமல் வேலை செய்பவர்களாகவே அமர்ந்தனர். விஞ்ஞானியை உருவாக்க விஞ்ஞானி வேண்டும் என்று ஹ்ரபௌஸ்கி பல மேடைகளில் சொல்லிவந்ததன் நடைமுறைப் பொருள் இதுவே: இந்தப் பொறுப்பை ஆலோசனை மையத்தின் ஊழியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பேராசிரியர்கள் ஒதுங்க முடியாது. தரம் தாழ்ந்துவிடும் என்று தயங்கிய பேராசிரியர்களை மாற்றுவதற்குச் சுற்றறிக்கை உதவாது. தன் ஆய்வகத்தில் நள்ளிரவில் கருவியைச் சரிசெய்துகொண்டிருக்கும் இருபது வயது மாணவர் உதவுவார்.

விளைவை அளந்த முறை

யூ.எம்.பி.சி.யின் உளவியல் பேராசிரியர் கென்னத் மேட்டனும் அவருடன் பணியாற்றியோரும் இந்தத் திட்டத்தைத் தொடர்ந்து மதிப்பிட்டுவந்தனர். ஒப்பீட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது யாரை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. திட்டத்துக்குத் தேர்வாகி, இடம் வழங்கப்பட்டு, அதை மறுத்து வேறு பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களே அந்த ஒப்பீட்டுக் குழு. பள்ளி மதிப்பெண்ணிலும் ஆர்வத்திலும் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்று. மறுத்தவர்களைவிட, சேர்ந்தவர்கள் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டப் படிப்பையோ எம்.டி., பிஎச்.டி. இணைந்த படிப்பையோ மேற்கொள்வதற்கான வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்பது அவர்கள் கண்டது. மறுத்தவர்களுக்கு ஆய்வு வாழ்க்கையில் ஆசை குறைவாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை. ஆனாலும், பங்கேற்றோர் மகிழ்ச்சி தெரிவித்தனர் என்று படிவம் நிரப்பி அனுப்பும் வழக்கமான மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், இது எவ்வளவோ நேர்மையான அளவுகோல்.

கரோனா தடுப்பூசி ஆய்வில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழுவில் முன்னணியில் நின்ற கிஸ்மேகியா கார்பெட் 2008இல் இங்கே பட்டம் பெற்ற மேயர்ஹாஃப் மாணவர். 2017 முதல் 2021 வரை அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியாக, இருந்த ஜெரோம் ஆடம்ஸும் அவ்வாறே. ஆனால் புகழ்பெற்ற பெயர்களைவிட, எம்.டி., பிஎச்.டி. இரண்டையும் முடிக்கும் கறுப்பின அமெரிக்கர்களின் இளநிலைக் கல்வியிடங்களில் ஹார்வர்டையும் ஸ்டான்ஃபோர்டையும் முந்திய இடத்தில் ஒரு இளம் அரசுப் பல்கலைக்கழகம் நிற்பதே கனமான சான்று.

நீதிமன்றம் இட்ட நிபந்தனை

1994இல் கூட்டாட்சியின் நான்காவது மேல்முறையீட்டு நீதிமன்றம், காலேஜ் பார்க்கிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்த பேனக்கர் உதவித்தொகையை, போட்பெரெஸ்கி என்ற மாணவர் தொடுத்த வழக்கில், அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அதே மாநில அமைப்பைச் சேர்ந்த யூ.எம்.பி.சி.க்கு மூன்று வழிகள் இருந்தன: திட்டத்தை மூடுவது, வழக்குக்குக் காத்திருந்து பொருதுவது, அல்லது எல்லா இனத்தவருக்கும் திறந்து அதன் நோக்கத்தை வேறு வகையில் காப்பது. 1996இல் மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அறிவியலில் சிறுபான்மையினரின் பங்கு பெருக வேண்டும் என்பதில் ஈடுபாடு கொண்ட எவரும் விண்ணப்பிக்கலாம் என்று நிபந்தனை மாற்றப்பட்டது.

இதில் இழப்பு இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கறுப்பின மாணவர்களுக்கென்றே இருந்த ஓர் இடம் போய்விட்டது. எனினும் திட்டத்தின் உயிர் யார் சேரலாம் என்ற விதியில் மட்டும் இருந்திருந்தால் அது அப்போதே முடிந்திருக்கும். குழுவாகப் படித்தல், ‘சி’யை ஏற்காமை, ஆய்வக வேலை ஆகிய ஏற்பாடுகளில் அது இருந்ததால் பிழைத்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் இன அடிப்படையிலான சேர்க்கையைச் செல்லாததாக்கியபோது பல பல்கலைக்கழகங்கள் அவசரமாகத் தேட வேண்டியிருந்த விடையை, யூ.எம்.பி.சி. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே நிர்ப்பந்தத்தின்பேரில் கண்டிருந்தது.

சிறப்புத் திட்டத்திலிருந்து பொது வகுப்புக்கு

ஹ்ரபௌஸ்கி தலைமையேற்ற தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒரு சங்கடமான உண்மையைச் சுட்டியது. அறிவியல், தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதே துறையில் பட்டம் பெற்றோர், கறுப்பினத்தவரிலும் ஹிஸ்பானியரிலும் சுமார் 20%. வெள்ளையரில் சுமார் 33%. ஆசிய அமெரிக்கரில் சுமார் 42%. இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மிகச் சிறப்பாகச் செய்த பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை என்பதைப் படிப்பவர்கள் சட்டெனக் கவனிப்பதில்லை. எல்லோரையும் உதிர்க்கும் சல்லடையில் சிலர் சற்று வேகமாக உதிர்கிறார்கள் என்றால், உதிர்பவரை மட்டும் ஆராய்ந்து பயனில்லை.

யூ.எம்.பி.சி. 2005இல் தொடங்கிய வேதியியல் கண்டறிதல் மையம் இந்தப் புரிதலின் விளைவு. பொது வேதியியலில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து குறிப்பெடுக்கும் விரிவுரைக்குத் துணையாக இருந்த பழைய பயிற்சி வகுப்புகளை எடுத்துவிட்டு, மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள்: ஒருவர் குழுவை நடத்துவார், ஒருவர் பதிவு செய்வார், மற்றவர் தேடுவார், கணக்கிடுவார், பொறுப்புகள் சுழலும். விடையைச் சொல்லும் ஆசிரியர் அங்கே இல்லை, கேள்வியைத் திருப்பிக் கேட்பவரே இருந்தார். மேயர்ஹாஃப் மாணவர்கள் கோடைக்காலத்தில் கற்ற அதே கூட்டுப் படிப்பு, உதவித்தொகை எதுவும் பெறாத ஒரு சாதாரண முதலாண்டு மாணவருக்கும் கட்டாய நேர அட்டவணையின் பகுதியானது.

பல பல்கலைக்கழகங்கள் தடுமாறும் இடம் இதுதான். சிறப்புத் திட்டம் வெற்றி பெற்றதும் அதையே காட்சிப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்ற வகுப்பறைகளை அப்படியே விட்டுவிடுவது நிர்வாகத்துக்கு வசதியானது. பேராசிரியர்களோடு சண்டையும் வராது. அந்தச் சண்டைக்கு இறங்கியதால்தான் இங்கே அனைவரையும் உள்ளடக்குதல் என்ற சொல்லுக்கு ஓரளவு பொருள் கிடைத்தது.

நகரம் என்ற பக்கத்து வீடு

சமூக ஈடுபாட்டைப் பொறுத்தவரை மதிப்பீடு அவ்வளவு எளிதல்ல. மேயர்ஹாஃப் திட்டம் தேர்ந்த மாணவர்களுக்கானது. பால்டிமோர் நகரப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்தத் தகுதியோடு வருவார்கள். பெயரில் பால்டிமோரை வைத்துக்கொண்டு, நகருக்கு வெளியே நின்று, நாடு முழுவதிலுமிருந்து திறமைசாலிகளைத் திரட்டும் நிறுவனத்துக்கு, வேலி தாண்டியிருக்கும் பிள்ளைகளோடு என்ன உறவு?

அந்த உறவின் பழமையான இழை, 1980களின் இறுதியில் மார்க் ஷ்ரைவர் தொடங்கிய சாய்ஸ் திட்டம். சிறார் நீதி அமைப்பில் சிக்கிய பதின்வயதினரைச் சீர்திருத்த இல்லத்தில் அடைப்பதற்கு மாற்றாக, இளம் பட்டதாரிகள் களப்பணியாளர்களாகச் சேர்ந்து, ஒரு நாளில் பலமுறை அவர்களைப் பார்ப்பார்கள்: காலையில் பள்ளிக்குப் போனாரா, மாலையில் வீடு திரும்பினாரா, இரவு ஊரடங்கு நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று கதவைத் தட்டுவார்கள். 1993இல் நிறுவப்பட்ட ஷ்ரைவர் மையம் இதைப் பல்கலைக்கழகத்தின் நிலையான பகுதியாக்கியது. நகரின் தென்மேற்கிலுள்ள லேக்லேண்ட் தொடக்க, நடுநிலைப் பள்ளியுடனான கூட்டு இன்னொரு இழை. அங்கே பல்கலைக்கழகம் ஆசிரியர் பயிற்சியையும் மாணவர் உதவியையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளித்துவந்தது.

இவை மதிக்கத்தக்கவை. ஆனால் மேயர்ஹாஃப் திட்டத்துக்கு அமைந்த கறாரான ஒப்பீட்டு அளவுகோல் சமூகப் பணிக்கு அமையவில்லை என்பது என் கணிப்பு. எத்தனை மாணவர் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தனர் என்பதைப் பல்கலைக்கழகங்கள் எண்ணுகின்றன. அந்தத் தெருவில் வாழ்வோர் எதைக் கேட்டார்கள், அது கிடைத்ததா என்று எண்ணுவதில்லை. 2015 ஏப்ரலில் காவல் துறைப் பிடியில் ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் இறந்து, பால்டிமோர் கொந்தளித்தபோது, அந்நகரைச் சுற்றியிருந்த எல்லாக் கல்வி நிறுவனங்களின் முன்னும் இந்தக் கேள்வியே வந்து நின்றது.

பெயர்த்து நட்டால் வேர் பிடிக்குமா

2013இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகமும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் மேயர்ஹாஃப் முறையைத் தங்களிடம் தொடங்கின. ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் நிதியளித்தது. அங்கே முதற்கட்டக் குழுக்களில் கிடைத்த முடிவுகள் யூ.எம்.பி.சி.யின் தொடக்ககால முடிவுகளை ஒத்திருந்தன என்பது 2019இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு, சான் ஜக்கர்பெர்க் அமைப்பின் 69 லட்சம் டாலர் உதவியுடன் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியேகோ வளாகங்களும் இதில் இறங்கின. ஹ்ரபௌஸ்கி இல்லாத இடத்தில் இது நடக்காது என்று சொல்லிவந்தவர்களுக்கு இதுவே பதில். அந்த வளாகங்களிலும் ஒன்று மட்டும் இன்றியமையாததாக இருந்தது: மூத்த நிர்வாகி ஒருவர் சொந்தப் பொறுப்பில் இதை ஏற்று, ஆண்டு நிதிநிலையில் இடம்பிடித்துத் தருவது.

2022இல் ஹியூஸ் நிறுவனம், இளம் ஆய்வாளர்களுக்கென இருபது ஆண்டுகளுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கி, ஹ்ரபௌஸ்கியின் பெயரிலேயே ஒரு திட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டே அவர் ஓய்வு பெற, வேதியியலாளரான வேலரி ஷியர்ஸ் ஆஷ்பி தலைவரானார்.

எண்ணப்படாத இடம்

புதிய தலைவரின் மேசைக்கு வந்தவற்றில் ஒன்று, அமெரிக்க நீதித் துறை நடத்திய விசாரணையின் முடிவு. 2015 முதல் 2020 வரை நீச்சல் அணியின் தலைமைப் பயிற்சியாளர் மாணவர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியதையும், அறிகுறிகள் தெரிந்தும் பல்கலைக்கழகம் உரியவாறு செயல்படத் தவறியதையும் நீதித் துறை 2024இல் வெளிப்படுத்தியது. இது கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்தை மீறியது என்று முடிவுசெய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 41.4 லட்சம் டாலர் வழங்கப் பல்கலைக்கழகம் உடன்பட்டது. பாலியல் வன்முறைப் புகார்கள் கையாளப்படும் முறையை எதிர்த்து 2018இலேயே மாணவர்கள் வளாகத்தில் திரண்டிருந்தனர் என்பதும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டியது.

அனைவரையும் உள்ளடக்குவதற்கு நாடே எடுத்துக்காட்டாகச் சொன்ன வளாகத்தில் இது எப்படி நடந்தது? கபடம் என்று தள்ளிவிடுவது சோம்பலான விடை. என் வாசிப்பில், மேயர்ஹாஃப் திட்டத்தில் தோல்வியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட நிறுவனம், புகார் அலுவலகத்தில் அந்தக் கணக்கைத் திறக்கவே இல்லை. ஒரு மாணவரின் ‘சி’ கிரேடைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தார், அதைப் பற்றி உடனே பேசும் ஆலோசகர் இருந்தார், பருவ இறுதியில் அதை எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர் இருந்தார். அணி ஒன்றின் உடைமாற்றும் அறையில் நிலவிய அச்சத்தை எண்ணும் வேலை யாருடையதும் அல்ல. வெற்றி தேடித் தரும் பயிற்சியாளரை ஐயுறுவது எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. முப்பது ஆண்டுகள் நீடித்த, எல்லோராலும் விரும்பப்பட்ட ஒரு தலைமையின் கீழ், கெட்ட செய்தியை மேலே கொண்டுபோவது எளிதாகிறதா கடினமாகிறதா என்பதும் கேட்கத்தக்கதே. நீண்ட பதவிக்காலம் மேயர்ஹாஃப் திட்டத்துக்குத் தந்த அதே உறுதி, வேறு அலுவலகங்களில் நம்மிடம் அப்படியெல்லாம் நடக்காது என்ற மெத்தனமாகவும் மாறியிருக்கக்கூடும்.

நீதித் துறையுடனான உடன்பாடு, புகார்களைக் கையாளும் அலுவலகத்தைச் சீரமைக்கவும், ஊழியர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பயிற்சி அளிக்கவும் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதே அலுவலகத்துக்கு வரும் மாணவர், தான் முதலில் யாரிடம் சொன்னார், அவர் அதை எத்தனை நாளில் மேலே அனுப்பினார், பதில் எப்போது வந்தது என்ற விவரங்களைப் பல்கலைக்கழகம், கரிம வேதியியல் மதிப்பெண்களைத் தொகுத்த அதே கறாரோடு, ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுமா என்பதை வைத்துத்தான் ஆஷ்பியின் தலைமையை மதிப்பிட வேண்டியிருக்கும்.